நுரைக்கு ஒரு கட்டம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பொருளை இரண்டு தடவை எண்ணுவது கொலைக் குற்றத்துக்குக் கொஞ்சம் மேலே. கொலை செய்தவனுக்காவது வக்கீல் கிடைப்பார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு மரத்தைக் காட்டில் ஒரு தடவையும் தெருவில் ஒரு தடவையும் எண்ணிவிட்டார். பாவம், மரம் காட்டின் ஓரத்தில் நின்றது, நிழல் தெருவில் விழுந்தது, அவர் என்ன செய்வார்? மாற்றிவிட்டார்கள். எங்கே என்று கேட்டேன். "அவரை இப்ப எதுலயும் எண்றதில்ல சார்" என்று மட்டும் பியூன் சொன்னார். அன்றிலிருந்து மரத்தைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வெட்கப்படவும் கொஞ்சம் தைரியம் வேண்டும். தேசியச் சுற்றுச்சூழல் புள்ளிவிவரங்களை ஒழுங்குபடுத்துவதற்கான சட்டகம் உருவாக்கும் பிரிவில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. தற்காலிகம். சட்டகம் என்றதும் மிரள வேண்டாம். சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் ஒரு படம், அதில் கட்டங்கள்: காற்று, நீர், நிலம், உயிரினம், குடியிருப்பு, பேரிடர். உலகத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் இவற்றில் ஒரு கட்டத்தில், ஒரே ஒரு கட்டத்தில், போட வேண்டும். எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்றார்கள். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

எங்கள் இயக்குநரை முதுகுக்குப் பின்னால் 'பெரிய கட்டம்' என்போம். ஒவ்வொரு வாரமும் கூட்டத்தைத் தொடங்கும்போது அவர் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு.

"ஆறு அழுக்கா இருக்குன்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. எந்தக் கட்டத்துல அழுக்கா இருக்குன்னு கேளுங்க, ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான். ஆறு இன்னைக்கு ஓடும், நாளைக்கு வத்தும். கட்டம் அப்படியே நிக்கும். நாம எதுக்கு விசுவாசமா இருக்கணும்?"

"கட்டத்துக்கு" என்போம் எல்லோரும். நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். தற்காலிகம் அல்லவா.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நுரை வந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். ஏரியிலிருந்து வருகிறது. ஏரிக்கரையில் சோப்பு, சாயம் என்று என்னென்னவோ ஆலைகள். முதலில் வாய்க்காலில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. என் மகள், வீட்டில் அவளைக் குட்டி என்போம், கைதட்டிச் சிரித்தாள். பிறகு அது வாய்க்கால் சுவரைத் தாண்டியது. காற்றடித்தால் பிய்ந்து பறந்து கொடியில் காயும் துணிமேல் உட்கார்ந்தது. குட்டி ஒருநாள் அள்ளி விளையாடினாள், கையெல்லாம் தடித்துப்போனது. அப்புறம் இருமல் பிடித்தது. ராத்திரி பகல் பார்க்காத இருமல். 

"நீங்க அந்த ஆபீஸ்லதானே குப்பை கொட்டுறீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"எங்க ஆபீஸ்ல இன்னும் குப்பைக்கே கட்டம் முடிவாகலடி."

"பெத்த பொண்ணு இருமுறா. இவருக்குக் கட்டம் முடிவாகலையாம்!"

அவளுக்குப் பயந்து நகராட்சிக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர், அன்பாகவே பேசினார்.

"லாரி இருக்கு சார். உறிஞ்சி எடுக்க மெஷின் இருக்கு. அதுவரைக்கும் உங்களைத் தங்க வைக்க ஒரு கட்டடமே காலியாக் கெடக்கு. நம்பர்தான் இல்ல. எவ்வளவு நுரைன்னு புள்ளிவிவர ஆபீஸ்ல ஒரு நம்பர் வாங்கிட்டு வந்துடுங்க, மறுநாளே லாரி நிக்கும்."

"நான் அந்த ஆபீஸ்தாங்க."

"அட, கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே!"

அந்த வெண்ணெயை உருக்குவது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். ஒரு எண் வேண்டுமென்றால் நுரைக்கு முதலில் ஒரு கட்டம் வேண்டும். கட்டம் வேண்டுமென்றால் யாராவது கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். டைப் அடிக்கிறவன் கூட்டத்தில் எழுந்தால் அது கழிப்பறைக்காக மட்டுமே இருக்கும். ஆனாலும் குட்டியின் இருமல் காதிலேயே நின்றது. அடுத்த கூட்டத்தில் எழுந்துவிட்டேன். 

"ஐயா, நுரை."

"என்ன நுரை?" என்றார் பெரிய கட்டம்.

"ஏரி நுரைங்க. எங்க வீட்டுக்குப் பின்னால. ஏதாவது ஒரு கட்டத்துல போட்டா நம்பர் வரும், நம்பர் வந்தா லாரி வரும். குழந்தைக்கு முடியலைங்க."

எல்லோரும் நீர்ப் பிரிவுத் தலைவரைப் பார்த்தார்கள். அவர் கைகளை மேலே தூக்கிவிட்டார்.

"பறக்குதாமே? நம்ம தண்ணி பறக்காதுங்க. பறந்தா அது காத்து."

"ஈரமா இருக்கு" என்றார் காற்றுப் பிரிவுத் தலைவர். "ஈரமானதை எல்லாம் எங்க தலையில கட்டுனா நாளைக்குக் குளிச்சிட்டு வர்றவனையும் நாங்கதான் எண்ணணும்."

நிலப் பிரிவுத் தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டபோது, தரையில் பட்டால் சொல்லுங்கள், பட்டதும் அது நுரையாக இருக்காது, ஈரமண்ணாகிவிடும், ஈரமண்ணுக்குத் தனிக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

கடைசி நம்பிக்கையாகப் பேரிடர்ப் பிரிவு அம்மையாரைப் பார்த்தேன். கனிவான முகம்.

"பேரிடர்னா அதுக்கு ஒரு தொடக்கம் வேணும் தம்பி. நிலநடுக்கம் இத்தனை மணிக்குன்னு வருது, எவ்வளவு மரியாதையா இருக்கு! உங்க நுரை எந்த நிமிஷத்துல பேரிடராச்சுன்னு சொல்லுங்க, இப்பவே எடுத்துக்கறேன். மெதுவா வந்த எதையும் நாங்க எடுக்கிறதில்ல. மெதுவா வர்றதுக்குப் பேரு வளர்ச்சி."

பெரிய கட்டம் மேசையைத் தட்டினார். அவர் முகம் சிவந்திருந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் கோபப்படவில்லை, உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"இத்தனை வருஷமா நம்ம சட்டகத்துக்கு ஒரு சோதனை வரணும்னு காத்திருந்தேன். எங்கேயும் அடங்காத ஒரு பொருள்! அருமை. நாம நேர்லயே போய்ப் பார்ப்போம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் நிலைமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

அவர்கள் வந்த அன்று நுரை பின்பக்க ஜன்னல்வரை ஏறியிருந்தது. பக்கத்து வீட்டின் பாதி தெரியவில்லை. முழங்கால் உயர ரப்பர் காலணிகளோடு எல்லாத் தலைவர்களும் எங்கள் சந்தில் வரிசையாக நின்றார்கள். மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீயில் நுரை இருந்ததால் யாரும் குடிக்கவில்லை, எந்த நுரை என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

காற்றுத் தலைவரும் நீர்த் தலைவரும் ஆளுக்கொரு ஜாடியில் நுரையை அள்ளி மூடினார்கள். வாதம் முடிவதற்குள் ஜாடிகளில் நுரை அடங்கிவிட்டது. அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர், மேலே ஒன்றுமில்லை.

"பாருங்க, மேல பூராவும் காத்து, ரொம்பச் சுத்தமான காத்து" என்று நீர்த் தலைவர் தன் ஜாடியைக் காற்றுத் தலைவரிடம் நீட்டினார்.

"அடியில தண்ணி இருக்கே, உங்க தண்ணி" என்று அவர் தன் ஜாடியை இவரிடம் நீட்டினார். இருவரும் ஜாடிகளை மாற்றிக்கொண்டார்கள். மறுபடி மாற்றிக்கொண்டார்கள். யாரும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. கடைசியில் இரண்டையும் என்னிடம் கொடுத்தார்கள்.

உள்ளே குட்டி இருமினாள். விடாமல் இருமினாள். எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாடா, காதில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இருமல் சுகாதாரத் துறை" என்றார் பெரிய கட்டம். "நாம காதுல வாங்கக் கூடாது. வாங்கினா ரெண்டு தடவை ஆயிடும்."

அப்போதுதான் அது நடந்தது. காற்று திரும்பியது. சந்தில் குவிந்திருந்த நுரை ஒரு மூச்சில் நகர்ந்து வாசலுக்கு வந்தது, படியை ஏறியது, என் கண்ணெதிரே கூடத்துக்குள் நுழைந்தது. மனைவி ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் நிறுத்தினாள். நான் துடைப்பத்தை எடுத்துக் குனிந்தேன்.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார் பெரிய கட்டம். துடைப்பத்தோடு அப்படியே நின்றேன்.

அவர் வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, நுரையையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்தபோது கண்களில் தண்ணீர்.

"வாசப்படியைத் தாண்டிடுச்சு. வீட்டுக்குள்ள இருக்கிற பொருள் எந்தக் கட்டம்?"

"குடியிருப்பு!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். நீர்த் தலைவரும் காற்றுத் தலைவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நிலத் தலைவர்கூட விழித்துக் கைதட்டினார். நானும் தட்டினேன். ஏன் தட்டமாட்டேன்? கட்டம் கிடைத்தாயிற்று. இனி எண். அப்புறம் லாரி. குட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் காலிக் கட்டடத்துக்குப் போய்விடலாம். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கை வலிக்கத் தட்டினேன்.

மனைவி மட்டும் தட்டவில்லை. "எதுக்கு இந்தக் கும்மாளம்? நுரை உள்ள வந்ததுக்கா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்கு அர்த்தம் மறுநாள் டைப் அடிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய கட்டம் என் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு வரிவரியாகச் சொன்னார். ஏரி: நுரை இல்லை. வாய்க்கால்: நுரை இல்லை. தெரு: நுரை இல்லை. குடியிருப்பு: முழுவதும்.

"ஐயா, ஏரியில இருந்துதான்..."

"ஏரியில எண்ணி, வாய்க்கால்ல எண்ணி, தெருவுல எண்ணி, அப்புறம் உங்க வீட்லயும் எண்ணினா?" குனிந்து என் காதருகே சொன்னார். "அந்த மரம் ஞாபகம் இருக்கா?"

 டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன், அதுதான் இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினேன். ஜன்னல்காரர் படித்தார், திருப்பிப் படித்தார், அன்பாகவே திருப்பிக் கொடுத்தார்.

"தெருவுல இருந்தா லாரி சார். இது உங்க வீட்ல உற்பத்தியாகுது. வீட்டுக்குள்ள நாங்க வர்றதில்ல. நீங்கதான் உற்பத்தியைக் குறைச்சுக்கணும்."

"அந்தக் காலிக் கட்டடமாவது..."

"அது பாதிக்கப்பட்டவங்களுக்கு. நீங்க நுரையோட மூலம் ஆச்சே!"

நுரைக்கும் கட்டம் கிடைத்ததால் சட்டகம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதை ஏற்கும் விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பெரிய கட்டம் மாலையும் கழுத்துமாகப் பேசினார்.

"நம்ம ஏரியில இன்னைக்கு நுரை இல்ல. வாய்க்கால்ல இல்ல. ஒரு லாரி ஓட்டினோமா? ஒரு ஆலையை மூடினோமா? யார் மனசையாவது புண்படுத்தினோமா? எதுவும் செய்யல. வகைப்படுத்தினோம், அவ்வளவுதான்! நாட்டோட மொத்த நுரைக்கும் ஒரே மூலம். அவர் இதோ முன்வரிசையில உட்கார்ந்திருக்கார்."

பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்.

அதற்கப்புறம் எங்கள் தெருவே மாறிவிட்டது. அக்கம்பக்கத்தார் தங்கள் வாசலுக்கு வரும் நுரையை எங்கள் வாசலுக்குத் தள்ளினார்கள். பல வருஷப் பழக்கம், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். "தப்பா நினைக்காதீங்கக்கா, உங்க வீட்லதான் ஏற்கெனவே கணக்கு இருக்கு. எங்க வீட்ல புதுசா ஏத்திக்கிட்டா வம்பு" என்று எதிர்வீட்டுப் பெண் மனைவியிடம் சொல்லிவிட்டு, துடைப்பத்தால் இன்னொரு தள்ளு தள்ளினாள். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அலுவலகம் அப்படி விடவில்லை, அளப்பதற்கு ஓர் ஆளை அனுப்பியது. அளவுக்காரர் தினமும் காலையில் கோலோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் கிளம்பும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்.

"பேசாம என் அக்கா ஊருக்குப் போயிடலாங்க" என்றாள் மனைவி. அதைத்தான் நானும் நினைத்திருந்தேன். அலுவலகத்தில் மெல்லக் கேட்டேன்.

"போறதா?" பெரிய கட்டம் அதிர்ந்துபோனார். "இது அடிப்படை வருஷம். அடிப்படை வருஷத்துல மூலம் நகர்ந்தா அடுத்த வருஷத்தை எதோட ஒப்பிடுறது? மூணு பேரும் அங்கேயே இருக்கணும். வருஷம் முடியட்டும், தாராளமா எங்க வேணும்னாலும் போங்க."

வருஷம் தொடங்கி அப்போதுதான் சில வாரங்கள் ஆகியிருந்தன.

ஒருநாள் விடிந்ததும் குட்டி இருமவில்லை. நிம்மதியாக எழுந்துபோய்ப் பார்த்தேன். இருமத் தெம்பில்லாமல் வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.  மனைவி பையில் நான்கு துணியைத் திணித்தாள், குழந்தையைத் தோளில் போட்டாள், இடுப்புயர நுரையைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அளவுக்காரர் கோலைக் குறுக்கே நீட்டினார்.

"அம்மா, மூலம் நகரக் கூடாதும்மா. நானும் புள்ளகுட்டிக்காரன்தான். என் வேலை போயிடும்மா."

"வழிய விடுங்க. இல்லன்னா அந்தக் கோலாலேயே உங்களை அளந்துடுவேன்!"

அவர் பயந்தார், ஆனால் விலகவில்லை. அவருக்கு அவளைவிட ஆபீஸ்தான் பயம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது. தைரியத்தில் தோன்றவில்லை, பயத்தில் தோன்றியது. ஒரு பயந்தாங்கொள்ளிக்குத்தான் இன்னொரு பயந்தாங்கொள்ளி எதற்கு நடுங்குவான் என்று தெரியும். கிட்டே போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அண்ணே, ஒரு விஷயம். இவங்க ரெண்டு பேரையும் அவங்க அக்கா ஊர்ல ஏற்கெனவே எண்ணியாச்சு. இங்கயும் நீங்க தினம் எண்ணிட்டு இருக்கீங்க."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

"ஐயையோ!" கோல் கையிலிருந்து நழுவியது. "முதல்லயே சொல்லக் கூடாதா சார்! அம்மா, போங்கம்மா, சீக்கிரம் போங்க. யாராவது பார்த்துடப் போறாங்க!" பையை அவரே வாங்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடி, பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார். மனைவி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். "நீங்க?" என்று கேட்டாள். பஸ் நகர்ந்துவிட்டது.

திரும்பி வந்த அளவுக்காரருக்கும் அதே கேள்வி இருந்தது.

"நீங்க வேற எங்கயும் கணக்குல இல்லையே சார்?"

"இல்ல. நான் இங்க மட்டும்தான்."

"நல்லது சார். ஒருத்தராவது இருக்கணும்" என்றார், மனமாரத்தான் சொன்னார்.

இப்போது நான் கட்டில்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் இருமல் வந்துவிட்டது. பரவாயில்லை, குட்டி பிழைத்துக்கொண்டாள். மனைவி தினமும் போன் பண்ணிச் சொல்வாள்: குட்டி மூச்சுவிடுகிறாள், குட்டி சாப்பிட்டாள், குட்டி அக்கா பிள்ளைகளோடு ஓடுகிறாள். அதைக் கேட்டுத்தான் நான் உயிரோடு இருக்கிறேன். இன்று மத்தியானமும் பண்ணினாள்.

"ஏங்க, இங்க பின்னால ஒரு ஓடை இருக்கில்ல? காலையில இருந்து வெள்ளையா என்னமோ மிதந்து வருது. குட்டி கைதட்டிச் சிரிக்கிறா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேட்குதா? நுரை மாதிரிதான் இருக்கு. இங்க யார்கிட்ட போய்ச் சொல்றது? நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

"கதவைச் சாத்து!" என்று கத்தினேன். "ஜன்னலைச் சாத்து! என்ன ஆனாலும் வாசப்படியைத் தாண்ட விடாத!"

"ஏன் இப்படிக் கத்துறீங்க? நுரைதானே? ஆள் வந்து பார்க்க மாட்டாங்களா?"

நான் என்ன சொல்வேன்? யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். நாட்டிலுள்ள நுரை மொத்தமும் என் வீட்டில் இருக்கிறது. டைப் அடித்தவனே நான்தான்.